மருமகள் படத்தை எடுக்கச் சொன்னேன்

என் எஸ்தருக்கு,

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மருமகளுக்கு எதற்குக் கடிதம்? மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். வாசித்துவிடுவேன், எழுதத்தான் கை ஓடாது. ஆனாலும் இதை நானே எழுதுகிறேன். செல்போன் கடை ஸ்டீபன் இதை நம் சபை வெப்சைட்டில், உன் படம் இருந்த இடத்தில் போடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

படம் இருந்த கதை உனக்குத் தெரியாது. காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை. உன்னை அடக்கம் பண்ணிய கையோடு, சபைச் செயலாளர் வெப்சைட்டின் முகப்பு முழுக்க உன் படத்தைப் போடவைத்தார். மாலை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் கட்டுகிற பிளக்ஸ் மாதிரியே. கீழே மூலையில் கைகூப்பிக்கொண்டு அவர். உன் பெயரைவிட அவர் பெயர் பெரிது.

நான் மறக்கிறவளா? ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீயும் ஸ்டீபனும் இன்னும் ரெண்டு பேரும் சண்டே ஸ்கூல் அறையில் உட்கார்ந்து, சம்பளமில்லாமல் அந்த வெப்சைட்டைக் கட்டினீர்கள். அப்போது, "சபைக்கு எதுக்கு இந்த வேல? பொம்பளையளுக்கு வீட்ல சோலி இல்லையாக்கும்" என்று கேட்ட வாய் இவர் வாய்தான். துவக்க நாள் போட்டோவில் உன்னைத் தள்ளி நிற்கச் சொன்னதும் இவர்தான். பச்சைச் சேலை உடுத்தியிருந்தாய். உன் கல்யாணப் பந்தியில் உன் அப்பா என் தம்பியைக் கவனிக்காமல் விட்டதையே நான் இன்னும் விடவில்லை. இதையா விடுவேன்?

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு ஒருத்தி மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். இளையரசனேந்தல் பக்கத்துக்காரி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "ஆச்சி, எம்புள்ள ஏதும் எழுதிருக்காளா?"

"எந்தப் புள்ள? எங்கன எழுதிருக்கா?"

அப்புறம்தான் சொன்னாள். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன அவள் மகளின் போனை அந்த வீட்டார் பிடுங்கி வைத்துவிட்டார்கள். வெளியே விடுவதில்லை. அடியும் உண்டு. அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும்போது குழந்தையின் டேப்லெட் கையில் கிடைக்கும். அதில் நம் வெப்சைட்டைத் திறந்து, ஜெப விண்ணப்பம் எழுதும் பெட்டியில் எழுதுவாளாம். நீ படித்துவிட்டுத் தாய்க்குப் போன் போடுவாயாம். அவளுக்குத் திருப்பி எழுத வழியில்லாததால், முகப்பில் போடும் 'இன்றைய வசன'த்தையே பதிலாக்கினாயாம். தாய்க்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த அன்று, சுகம் கிடைத்ததைச் சொல்லும் வசனம்.

தினமும் அந்த வசனத்தை நானும் வாசித்தேனே எஸ்தர். எனக்கென்று நினைத்தல்லவா வாசித்தேன். ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? என் வாய்க்குப் பயந்தா?

ஸ்டீபனின் கடைக்கு ஓடினேன்.

"பெட்டி அந்தப் படத்துக்கு அடியில போயிட்டு ஆச்சி. படத்த எடுத்தாத்தான் யாரும் எழுத முடியும்."

"அப்போ எடுலே."

"முதலாண்டு நினைவு நாள் வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு செயலர் அண்ணாச்சி சொல்லிருக்காரு. கமிட்டி தீர்மானம்."

"வந்ததையாவது காட்டு."

"அத எஸ்தர் அக்கா மட்டுந்தான் பாப்பாங்க. நாங்க தொட்டதே இல்ல" என்று தயங்கித் தயங்கித் திறந்தான். அந்தப் பிள்ளையிடமிருந்து கடைசியாக வந்தது, நீ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது வந்திருக்கிறது. 'அக்கா, இந்த வீட்டு விலாசம் போட்ட கவர் ஒண்ணு பாத்தேன். அடுத்த தடவ எழுதுதேன். அம்மாட்ட சொல்லுங்க.'

அவ்வளவுதான். பிள்ளையை மீட்டுத் தரச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனால் எந்த ஊர், எந்த வீடு என்றுதான் முதலில் கேட்கிறார்களாம். அந்த விலாசம் வந்துசேர வேண்டிய பெட்டியை உன் முகத்தைக் கொண்டு மூடி வைத்திருக்கிறோம். மறுபடி திறந்தபோது அந்தப் பிள்ளை என்ன பார்த்திருக்கும்? மாலை போட்ட உன்னை. வசனம் இல்லை, எழுத இடம் இல்லை. யாரிடம் போய் அழுதிருக்கும்?

கமிட்டியில் காரணத்தைச் சொல்ல முடியாது. "வெளிய தெரிஞ்சா ஏஜெண்டு காதுக்குப் போயிரும். பிள்ளைய வேற எங்கயாவது மாத்திருவாங்க ஆச்சி" என்று தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். வெறும் கையோடுதான் போனேன்.

"எஸ்தர் படத்த எடுத்துருங்க."

செயலாளர் நிமிர்ந்தார். "ஏன்? உங்க மருமகளுக்குச் செஞ்ச மரியாதைல்லா?"

"எனக்குப் பாக்கப் பிடிக்கல."

பின்னால் ஒருத்தி, "செத்த பெறகும் விடுதாளா பாரு மாமியாக்காரி" என்றாள். யாரென்று தெரியும். குரலை மனசில் குறித்து வைத்திருக்கிறேன்.

"ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சீங்களா?"

"ஊரு புதுசா என்னத்தச் சொல்லப் போகுது? கூடச் சேந்து உம்ம படமும் போகுதேன்னு வருத்தமாக்கும்? எடும் வே."

எடுத்துவிட்டார்கள். உன் புருஷன் அன்றிலிருந்து என் கையால் சோறு வாங்குவதில்லை. நான் பெற்ற பிள்ளை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவனிடமும் நான் சொல்லவில்லை.

பெட்டி திறந்துவிட்டது எஸ்தர். ஒன்றும் வரவில்லை. பெட்டியைப் பார்க்க ஸ்டீபன் எனக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறான். புளியங்குடியிலிருந்து பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லி வருகிறது. குழந்தை வரம் கேட்டு வருகிறது. அந்தப் பிள்ளையின் எழுத்து இல்லை. எந்த வசனம் போட்டால் அவளுக்குப் புரியும்? நீ எப்படித் தேடி எடுத்தாய்? எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நேற்றுத் தாய் மறுபடி வந்தாள். கண்ணில் தண்ணீர்கூட வற்றிப்போய்விட்டது. "இனி மறைச்சு என்ன செய்ய ஆச்சி? எழுதிப் போடுங்க. அவ கண்ணுல பட்டாப் போதும்" என்றாள். அதனால்தான் ஊரறிய இந்தக் கடிதம்.

மக்கா, பெயர் சொல்லமாட்டேன், நீ யாரென்று உனக்குத் தெரியும். உன் எஸ்தர் அக்கா இப்போது உயிரோடு இல்லை. பெட்டி இதற்குக் கீழேயே இருக்கிறது. விலாசம் கிடைக்காவிட்டால் ஜன்னல் வழியே தெரிவதை எழுது, ஏதாவது கடைப் பலகையோ, பள்ளிவாசலோ. அதுவும் முடியாதென்றால் ஒரே ஒரு எழுத்துப் போடு. இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வோம்.

எஸ்தர், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். தினமும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அவள் எழுதிய அன்றைக்கு உன் கல்லறைக்கு நடந்தே வந்து உன்னிடம்தான் முதலில் சொல்லுவேன். அதுவரை கல்லறைத் திருநாளானாலும் வரமாட்டேன். எல்லாரும் பூவோடு வருவார்கள், நான் வரவில்லையே என்று தேடாதே.

ஒரு நாளும் உன்னை மகளே என்று கூப்பிடாத
உன் அத்தை,
பாக்கியம்