ஜன்னலடி வெங்காயப் பாத்தி

அன்புள்ள அம்மாவுக்கு,

மவ்சூனாவின் சலாம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மருந்து குடிக்கிறாரா?

இங்கே கரகண்டா நகரில், என் வாடகை அறையின் ஜன்னலடியில் வெங்காயம் நட்டிருந்தேன். நேற்றுத் தையல் ஆலையிலிருந்து திரும்பினால், வீட்டுக்காரர் செரிக் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“ரோஜா வைக்கிற இடம்மா இது. தஜிக் ஆளுங்களுக்கு ரூம் குடுத்தா முற்றமே சந்தையாயிடுது!”

நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து, பிடுங்கியதை ஒவ்வொன்றாகத் திரும்ப நட்டேன்.

“மறுபடி பிடுங்குவேன்.”

“மறுபடி நடுவேன் அண்ணே. உங்க கைதான் நாறும்.”

மாடியிலிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டார். “விடுங்களேன், சூப்புக்கு நாலு வெங்காயத்தாள் நமக்கும் ஆச்சு!” செரிக் கை கழுவப் போய்விட்டார். அவ்வளவுதான், பயப்படாதீர்கள்.

தாள் நுனி மஞ்சளாகிறது. தண்ணீர் அதிகமா, குறைவா என்று எழுதுங்கள். நம் ஊர் இஸ்ஃபராவின் வெங்காய விதையும் கொஞ்சம் அனுப்புங்கள். கடிதம் நீளமாக இருக்கட்டும். முழுக்க வெங்காயத்தைப் பற்றியே இருந்தாலும் சரி.

ஆலை வண்டி ஹார்ன் அடிக்கிறது. அடுத்த வருடம் பாத்தியை இன்னும் அகலமாகப் போடப்போகிறேன்.

உங்கள் மகள்,
மவ்சூனா