இரண்டு பேருக்கு வடமாலபேட்டையில் ஒரு வீடு

சித்தூர்,
பிப்ரவரி 11, புதன்கிழமை

அன்புள்ள பிளெஸ்ஸிக்கும் மாப்பிள்ளை ஸ்டான்லிக்கும் நைனா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று போனில் கேட்ட குரலை வைத்து நம்புகிறேன். முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். வடமாலபேட்டை வீட்டை இந்த மாதக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் பேசுவதில்லை என்று வீட்டுக்காரர் சாய்குமார் இன்று காலை போனில் சொன்னார். சரே சார், உங்க பொண்ணு வேணும்னாலும் சரே, வேணாம்னாலும் சரே, மாசக் கடைசி வரைக்கும் சாவி என் ஜேபுலதான் இருக்கும் என்பது அவர் வார்த்தை. ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்டேன், அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். மற்றதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போன் என்றால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், நீயும் சரி நைனா சரி நைனா என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன், உன் அண்ணன் சாம் இதைப் படமெடுத்து இன்றே அனுப்புவான், அசல் தபாலில் வரும்.

நீ கேட்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஜூன் மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலைக்குச் சேரப்போகிறாய், அரைமணி நேரத்தில் போய்ச் சேரும் தூரத்தில் வீடு வேண்டும், ஸ்டான்லி வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு தனி அறை வேண்டும், இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், வீடு முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல நைனா, எத்தினி பசங்கன்னு கேட்டுக்கினே இருக்காத எடமா பாரு, அது ஒண்ணு போதும் என்றாய். ஒன்பது வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி அலுத்துத்தான் ஒவ்வொரு லீவிலும் பாதியிலேயே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிப் போகிறீர்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இந்த முறை வீடு சரியாக அமையாவிட்டால் நீங்கள் திரும்பி வருகிற பேச்சையே விட்டுவிடுவீர்கள் என்ற பயமும் எனக்கு உண்டு, அதை மறைப்பானேன். குழந்தை வேண்டாம் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவெடுத்து, அதை எங்கள் முன்னால் உட்கார்ந்து நேராகச் சொன்ன நாளிலிருந்து எனக்கு உங்கள் மேல் மதிப்பு கூடித்தான் இருக்கிறது. பத்திரிகை வேலையில் நான் பார்த்த பெரிய மனிதர்களில் பாதிப் பேர், தாங்கள் எடுத்த முடிவைப் பக்கத்து நாற்காலிக்காரர் எடுத்ததாகத்தான் சொல்வார்கள். அம்மா அடுத்த நாள் உனக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்தாள், அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளையும் இந்த இடத்தில் பாராட்டித்தான் ஆகவேண்டும்.

மூன்று இடம் பார்த்தேன். ரேணிகுண்டா ரோட்டில் பெரிய அப்பார்ட்மென்ட் ஒன்று, புதுக் கட்டடம், தண்ணீர்க் கஷ்டம் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் பக்கம். ஆனால் கேட்டில் இருந்த வாட்ச்மேன் என் பேரைக் கேட்பதற்கு முன்னாலேயே, எத்தினி பசங்க சார், ஸ்கூல் பஸ்ஸு இங்கியே உள்ள வந்து திரும்பும் என்றார். சங்கத் தலைவர் வீராசாமி நல்ல மனிதர், கூடவே வந்து நீச்சல் குளம், சறுக்கு மரம், டியூஷன் ரூம் எல்லாம் காட்டினார். பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க, பசங்க ஆடறத பாத்துக்கினு உக்கார பெஞ்சு போட்டுக்கீறோமே என்றார். மனுஷன் கேலி செய்யவில்லை, உண்மையாகவே அந்த பெஞ்சைத் துடைத்து என்னை உட்கார வைத்தார். இரண்டாவது இடம் சந்திரகிரியில், கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, சுற்றுச்சுவர் போட்ட தனி வீடுகள், மாடியில் நின்றால் ராஜா மகால் தெரிகிறது, ஸ்டான்லிக்கு வேண்டிய அறை இரண்டாகவே இருக்கிறது. அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் நாலு வீட்டில் பெல் அடித்தேன், மூன்றில் திறக்கவில்லை, ஒன்றில் உள்ளே இருந்தபடியே டெலிவரியா, கேட்டுலயே வெச்சிடு என்று சத்தம் வந்தது. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றேன், ஏதோ வெள்ளை கார் வெச்சிருக்காங்க சார் என்றார். நீ கேட்ட நிபந்தனைக்கு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிற இடம் அதுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், பசங்கள பத்தி கேக்க மாட்டாங்க சரி, பொண்ணு காய்ச்சல்ல படுத்தாலாவது கேப்பாங்களா என்றாள். பார்த்ததை வைத்து அதற்கு என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாவதுதான் வடமாலபேட்டை. சென்னை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பின்பக்கம் மாந்தோப்பு, இப்போது பூ விட்டு வாசனையாக இருக்கிறது, நமக்குப் பேசியிருக்கிற வீட்டில் ஸ்டான்லிக்கு வேண்டிய தனி அறையும் இருக்கிறது, மொத்தம் முப்பது வீட்டுக்குக் குறைவு, தமிழ் பாதி தெலுங்கு பாதி, ஒரே வாக்கியத்தில் இரண்டும் பேசுகிறார்கள். அங்கே மூன்று தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நேரத்தில், ஏனென்றால் ஒரு தடவை பார்த்து எழுதுவது விளம்பரம்தான். நீ ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில் பஸ் ஏறியும் பார்த்துவிட்டேன், அரைமணிக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது, மழை நாளில் எப்படி என்று தெரியாது. அங்கே இருப்பவர்கள் ஒன்றும் கேட்காதவர்கள் என்று நான் எழுதினால் அது பொய். எல்லாம் கேட்கிறார்கள், எந்த ஊர், என்ன வேலை செய்தீர்கள், காலில் என்ன கட்டு, எல்லாம். ஆனால் அங்கே லோகேஸ்வரன், சுமித்ரா என்று ஒரு தம்பதி இருக்கிறார்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், உங்களைப் போலவே குழந்தை வேண்டாம் என்று தாங்களாகவே முடிவு செய்தவர்கள். அவர் புத்தூரில் சொட்டுநீர்ப் பைப் கடை வைத்திருக்கிறார், அந்த அம்மாள் தொழிற்சாலையில் ஷிப்ட் சூபர்வைசர். இங்கே வாழ்வது எப்படி இருக்கிறது என்று நேராகவே கேட்டேன். சுமித்ரா சிரித்துக்கொண்டு, வந்த புதுசுல கேட்டாங்க சார், அப்புறம் வைத்தியம் சொன்னாங்க, ஒருத்தரு எனக்கே தெரியாம லேகியம் வாங்கியாந்து வெச்சிட்டுப் போனாரு, அத இவரு துன்னுட்டு ரெண்டு நாளு வயித்தப் புடிச்சிக்கினு கெடந்தாரு, அதோட எல்லாம் உட்டுட்டாங்க என்றாள். பக்கத்தில் இருந்த லோகேஸ்வரன், இனிப்பா இருந்துச்சு சார், நான் இன்னா பண்றது என்றார். அதற்கப்புறம் சுமித்ரா சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பசங்க டான்ஸு வெச்சா என்ன கூப்புடாதீங்க, மோட்டாரு ரிப்பேரானா கூப்புடுங்கன்னு மீட்டிங்குல எழுந்து சொல்லிட்டேன் சார், இன்னிக்கி வரைக்கும் அப்டிதான் நடக்குது என்றாள். இப்போது அந்த லேஅவுட்டின் தண்ணீர் முழுக்க அவள் பொறுப்பு, அவள் ஷிப்டுக்குப் போனால் வீட்டுச் சாவி எதிர் வீட்டில் இருக்கிறது. நான் இருந்த நேரத்திலேயே ஒரு பெரியவர் வந்து குழாயில் காற்றுத்தான் வருகிறது என்று அவளிடம் சண்டை பிடித்தார், அவளும் விடவில்லை, உங்க வீட்டு வால்வ தொறந்து பாத்துட்டு வந்து கத்துங்க மாமா என்றாள், அவர் போய் வால்வைத் திறந்துவிட்டு அப்படியே வீட்டுக்குள் போய்விட்டார். அம்மாவின் சந்தேகத்துக்கும் உன் நிபந்தனைக்கும் நடுவில் வாழத் தெரிந்த மனிதர்கள் என்று எனக்குத் தோன்றியது, மனதுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள், எழுதினால் நீ வரமாட்டாய் என்பது அவள் பயம். வீட்டை அவளும் பார்க்க வேண்டும் என்றதால் போன ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய், அங்கே இருக்கிற நம்முடைய சின்னச் சபையில் ஆராதனைக்கு உட்கார்ந்தோம். அதற்கு முந்தின வாரம் நான் போதகரைப் பார்த்து, என் மகளும் மருமகனும் ஜூனில் இங்கே குடி வரலாம், இரண்டே பேர்தான் என்று சொல்லியிருந்தேன். கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் என்றார், ஒன்பது என்றேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும். நம் சபைகளின் வழக்கம் உனக்குத் தெரியாததா, கல்யாணமாகி வருஷம் ஓடியும் பிள்ளை இல்லாத வீடு என்றால் யாரும் சொல்லாமலே பெண்கள் ஐக்கிய சங்கம் ஜெபத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஞாயிறு பொது ஜெபத்தில் சங்கத் தலைவி லோயிஸ் அம்மா எழுந்து, டப்ளினிலிருந்து வரப்போகிற எங்கள் மகள் பிளெஸ்ஸிக்கு ஆணானாலும் பெண்ணானாலும் ஒன்றைக் கொடும் ஆண்டவரே, இரட்டையாகக் கொடுத்தாலும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கண்ணீரோடு ஜெபித்தார், சபை முழுக்க ஆமென் சொன்னது. அம்மா என் கையை நெரித்துவிட்டாள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் பிடித்துக்கொண்டாள், ஏங்க, நாப்பது வருஷம் பேப்பர்ல எழுதி சோறு துன்னீங்களே, ரெண்டு பேருன்னு சொல்லத் தெரிஞ்சுது, ரெண்டு பேரா இருக்கறது அவுங்க இஷ்டம்னு இன்னொரு வரி சேக்கறதுக்கு எடம் இல்லாமப் பூட்ச்சா என்றாள். நான் இதை மறைத்து, நீ வந்த முதல் ஞாயிறே யாராவது உன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கையைப் பிடித்தால், நீ என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாய். அதற்கு இப்போதே தெரிந்துகொண்டு வேண்டாம் என்று நீ சொல்வது மேல்.

அன்றைக்கே இரண்டு பேரும் லோயிஸ் அம்மா வீட்டுக்குப் போனோம். ரிட்டையரான நர்ஸ், புருஷன் இல்லை, நாலு பிள்ளைகளும் வெளியூரில். காப்பி கொடுத்துவிட்டு, கவலப்படாதீங்க அண்ணா, எங்க சங்கம் புடிச்சா உடாது என்று அவரே எங்களுக்கு ஆறுதல் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றாரா என்று கேட்டார். இல்லை, அவர்களுக்கே வேண்டாம் என்றேன். மாப்பிள்ளைக்குமா என்றார். இரண்டு பேருக்கும்தான் என்றாள் அம்மா. லோயிஸ் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, எனக்கு நாலு பேரு அண்ணி, ஒண்ணும் கொறையில்ல, ஆனா வேணுமா வேணாமான்னு என்ன ஒருத்தரும் கேக்கல, கேக்கலாம்னுகூட எனக்குத் தோணல, உங்க பொண்ணு கெட்டிக்காரிதான் என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் அவர்கள் பெயரை ஜெபத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னதுதான் தாமதம், லோயிஸ் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பேரு சொன்னா சொன்னதுதான், கேட்டது கெடச்சி அவுங்க வந்து சாட்சி சொல்ற வரைக்கும் எடுக்கற வழக்கம் எங்க சங்கத்துல இல்ல, கங்கையா லாரி காணாமப் போனப்போ ரெண்டு வருஷம் ஜெபிச்சோம், லாரி வந்தப்புறம்தான் உட்டோம், அவுரு நம்ம சபைகூட இல்ல என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சபைல மத்தவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன், உங்க பொண்ணு ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல என்றும் சொன்னார். அந்த அம்மாள் சொன்னால் அங்கே எடுபடும் என்று நினைக்கிறேன், ஆனால் அது என் நினைப்புதான், நடந்தால்தான் உறுதி.

வேறு செய்தி என்றால், ஸ்வீட்டிக்கு மார்ச்சில் இன்டர்மீடியட் பரீட்சை, அண்ணன் மகளுக்கு ஒரு போன் போடு, சாம் அவளைப் படி படி என்று படுத்துகிறான், அத்தை சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்கள். என் காலில் கட்டு என்று மேலே எழுதிவிட்டேன், பஸ் படியில் சிராய்த்துக்கொண்டதுதான், நீ பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, நீ சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்வதாக உன்னிடம் சொல்கிறாள், செய்வதில்லை. ஸ்டான்லி கழுத்து வலிக்குத் தலையணையை மாற்றினானா, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே என்று நான் சொன்னதாகச் சொல். வரும்போது சாமான் கட்டிக்கொண்டு வராதீர்கள், எல்லாம் திருப்பதியில் கிடைக்கிறது. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கட்டும், நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எப்போதும் போல் துணையாக இருங்கள், அதைவிட நல்ல ஆசீர்வாதம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முடிவாகாமல் இருப்பது இரண்டு. வீட்டுக்கு மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது, அவசரப்படாதே, இதைப் படித்துவிட்டு சந்திரகிரியே போதும் என்று தோன்றினாலும் சொல், நான் நாளைக்கே போய்ப் பேசுகிறேன். மற்றதற்குத்தான் நாள் குறைவு. வெள்ளிக்கிழமை மாலை லோயிஸ் அம்மா வீட்டில் சங்கம் கூடுகிறது, உன் பெயர் வரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும்போது அவர் கேட் வரைக்கும் வந்து, பிள்ள வேணாம்னா பரவால்ல அண்ணா, அவுங்களுக்கு வேற இன்னா வேணும்னு கேட்டுச் சொல்லுங்க, அது தெரியற வரைக்கும் பேர மட்டும் சொல்லிட்டுச் சும்மா கண்ண மூடிக்கினு இருப்போம் என்றார். நானும் அம்மாவும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தோம், எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு என்ன வேண்டும், கண்ணு? வெள்ளிக்கிழமைக்குள் எழுது.

இப்படிக்கு,
உன் நைனா
சுந்தர்சிங்