உங்கள் வாரத்தில் நின்ற எங்கள் வண்டி

அக்கா,

இன்று காலை இவர் வாசலில் உட்கார்ந்து, வண்டி அச்சுக்குப் போட விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. கொதிக்கிற உலையில் அரிசி போடாமல் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஆறு வருஷமாகிறது.

திண்டிவனத்தில் நம் சந்தின் கோடியில் இருந்த காலி மனையில்தான் ஆறு வீட்டு வண்டிகளும் நின்றன. யுத்தம் வந்த பிறகு மனைக்காரர் அங்கே கடலை மூட்டை அடுக்க மல்லாட்டைக் கிடங்கு கட்டினார். சந்துக்குள் மூன்று வண்டிக்குத்தான் இடம் மிஞ்சியது. மற்ற மூன்றும் ஏரிக்கரைப் புளியமரத்தடிக்குப் போகவேண்டும். அங்கே கயிறு களவு போகும், வைக்கோல் களவு போகும். ஆண்கள் வண்டியிலேயே படுத்துக் காவல் காத்தார்கள். ரங்கூனுக்குப் போன உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் நின்றுபோய், நீங்களே மாடு பூட்டி மண்டிக்கும் ரயிலடிக்கும் மூட்டை ஏற்றி ஓட்டிய காலம் அது. சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் எப்படிப் படுப்பீர்கள்?

எப்போதும் உள்ளேயே ஓர் இடம் என்று கேட்டிருந்தால்கூட நியாயம்தான். நீங்கள் கேட்கவில்லை. ஒரு வாரம் மூன்று வீட்டு வண்டி உள்ளே, மறுவாரம் மற்ற மூன்று என்று முறை வைத்ததே நீங்கள்தான். "ஆம்பள இல்லாத வூடுன்னு எனக்கு ஒரு நாளு கூடவும் வாணாம், கொறையவும் வாணாம்" என்றீர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தவள் என்று என்னைத்தான் முறையை எழுதச் சொன்னார்கள். உங்கள் பெயருக்கு நேரே என் கையால் எழுதினேன்.

இரண்டு மாதம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, உங்கள் முறை தொடங்கிய அன்று, இவர் எங்கள் வண்டியை வெளியே எடுக்கவில்லை. விதை மல்லாட்டை ஏற்றியிருந்தது, மேகம் கட்டியிருந்தது, ஒரு நாள் பொறுத்துக்கொள்ளட்டும் என்றார். மழை வரவில்லை. நான்கு நாளாகியும் வண்டி அங்கேயே நின்றது.

ஐந்தாம் நாள் நீங்கள் பின்வாசல் வழியாக வந்தீர்கள். "நான் போய்க் கேட்டா சண்டையாப் பூடும் தங்கச்சி. நீ சொன்னா அது வூட்டுப் பேச்சு. சோறு துன்னும்போது மெள்ள சொல்லு" என்றீர்கள். சரிக்கா என்றேன்.

அன்று இவர் கண்டாச்சிபுரம் போய் வந்த களைப்பில் சாப்பிட உட்கார்ந்தார். அதற்கு முந்தின வாரம்தான், வண்டிக்காரர் விஷயத்தில் வாய் திறக்காதே என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோயிருந்தார். நான் குழம்பு ஊற்றினேன். இன்னொரு கரண்டி ஊற்றினேன். வார்த்தை வரவே இல்லை.

மறுநாள் நீங்கள் கேட்டபோது, "சொல்லியிருக்கேன்க்கா, நாளைக்கு எடுத்துடுவாரு" என்றேன். உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஒரு நாள்தானே என்று அன்றும் வண்டியை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டு வந்தீர்கள்.

விடிந்து நீங்கள் போவதற்குள், சக்கரம் கழலாமல் பிடித்திருக்கிற கடையாணியை யாரோ உருவியிருந்தார்கள். ரயிலுக்கு மூட்டை சேர்க்கிற அவசரத்தில் நீங்கள் கவனிக்கவில்லை. ரயிலடித் திருப்பத்தில் சக்கரம் கழன்று வண்டி சாய்ந்தது. மூட்டைகள் உங்கள் இடுப்பின் மேல் சரிந்தன. சேதி கேட்டு முதலில் ஓடியவர் இவர்தான். உங்களைத் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, வண்டியைச் சந்திலிருந்து எடுத்தார். அப்புறம் அந்த இடத்தில் யாரும் வண்டி விடவில்லை, வெகுநாள்.

உங்கள் அண்ணன் உங்களை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒரு தடவை ரயிலேறி வந்து பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, "நீ சொல்லித்தான் பாத்த. அந்த மனுசன் கேக்கல, நீ இன்னா பண்ணுவ" என்று என் கையைப் பிடித்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். அடுத்த மாதம் நீங்கள் இல்லை.

உங்கள் மகள் விழுப்புரத்தில் மாமன் வீட்டில்தான் வளர்கிறாள். போன தை மாதம் ரயிலடியில் பார்த்தோம். இவர் பேசப் போனார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நம்ம வண்டி நின்னதுதான் காரணம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நான் சொல்லியிருந்தால் அன்றே எடுத்திருப்பாரோ, சோற்றை விட்டு எழுந்து போயிருப்பாரோ, தெரியவில்லை. நீங்கள் என்னைச் சொல்லச் சொன்னதும், சொல்லிவிட்டதாக நான் உங்களிடம் பொய் சொன்னதும் அவருக்குத் தெரியாது அக்கா. பக்கத்தில் நடந்து வந்தேன், சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.