காகிதம் திணித்த கேசட்

என் பேத்தி டிரம்பெட் வாசிக்கிறாள். அதன் மூன்று கட்டைகளுக்கும் வாரம் ஒரு தரம் எண்ணெய் விடுவாள். மண்ணெண்ணெய் மாதிரி லேசாக ஒரு வாசம் வரும். நேற்று மாலை அந்த வாசம் கூடத்துக்கு வந்தது, கூடவே நீயும் வந்துவிட்டாய். உன் வீட்டுக்காரர் சட்டையில் எப்போதும் இருந்த வாசம் அது.

பள்ளிக்கூட பேண்டில் ஆறு பேர் டிரம்பெட் வாசிக்கிறார்கள். நன்றாக வாசிக்கிறவருக்குத் தரும் முதல் நாற்காலி இவளுக்குத்தான். ஐந்தாவதோடு நின்றவளின் பேத்தி என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். மருமகள் கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். படட்டும்.

எண்ணெய் விட்டுக்கொண்டே பேத்தி சொன்னாள்: “பாட்டி, ஹண்ட்ரட் இயர்ஸ் முன்னாடி அமெரிக்கால ஒரு பிளாக் லேடி ப்ளூஸ் பாடி ரெக்கார்ட் வந்துச்சாம். யார் வாங்குவாங்கன்னு கம்பெனிக்காரங்க யோசிச்சாங்களாம். அவங்க ஜனங்க எல்லாம் ஓடிப் போய் வாங்கிட்டாங்க!”

“தெரியும்டி” என்றேன்.

“உங்களுக்கா? எப்படி?”

எப்படியென்று சொல்ல ஆரம்பித்தால் உன்னிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வளைகுடா நாட்டில், கராமாவில் ஒரே ஃபிளாட்டை இரண்டு குடும்பம் பங்கு போட்டிருந்தோம். உங்களுக்கு ஓர் அறை, எங்களுக்கு ஓர் அறை, அடுப்பும் கூடமும் பொது. பெரம்பூர் ரயில்வே காலனியில், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவள் நீ. தமிழ் பேசுவாய், படிக்கத் தெரியாது. ஹோட்டல் பேண்டில் நீ பாட, அவர் டிரம்பெட் வாசிப்பார். பகல் பன்னிரண்டுக்கு எழுந்து வந்து என் குழம்பில் விரலை விட்டு, “இன்னாமா இது, ஊரையே அழ வைக்கப் போறியா?” என்பாய். வெங்காயம் நறுக்கியபடி அந்தக் கறுப்பினப் பெண்ணின் ரெக்கார்டைப் பற்றிச் சொன்னதும் நீதான். பருத்திக் காட்டில் மாடாய் உழைத்தவர்களின் பாட்டு அது என்றாய். “ஒரு வரி சொல்லு. அதையே திரும்பச் சொல்லு. மூணாவது வரியில பதில் சொல்லு. அவ்ளோதாம்மா ப்ளூஸ்.”

எனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் அடுப்படியில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். உனக்கு அது நாடகம் மாதிரி. சித்தப்பா வீட்டு எருமை கன்று போட்டதைக்கூட விடமாட்டாய். “ஸ்கிப் பண்ணாம படி” என்பாய்.

பதிலுக்கு நான் எழுதுவதில்லை, கேசட்டில் பேசி அனுப்புவேன். அப்போது எல்லோரும் அப்படித்தான். லீவில் போகிறவர் யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார். புதுக் கேசட் வாங்கக்கூட வேண்டாம். பாட்டுக் கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னக் குழி இருக்கும். குழி திறந்திருந்தால் அழித்துப் பதிய முடியாது. காகிதத்தை மடித்துத் திணித்துவிட்டால் பதியலாம். நம் பெண்கள் எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும்.

ஒரு நாள் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர் திடீரென்று லீவில் கிளம்பினார். கீழே டாக்சி வந்து நிற்க இன்னும் ஒரு மணி நேரம்தான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். கூடத்து அலமாரியில் உன் கேசட்டுகள் முப்பதுக்கு மேல் கிடந்தன. மேலே இருந்ததை எடுத்தேன். அட்டையில் ஏதோ இங்கிலீஷில் எழுதியிருந்தது, எனக்குப் படிக்க வரவில்லை. குழியில் காகிதம் திணித்து, அம்மாவிடம் இருபது நிமிஷம் பேசினேன். கேசட் டாக்சியில் போய்விட்டது.

சாயங்காலம் நீ அலமாரியைக் கலைத்துப் போட்டாய். அப்புறம்தான் எனக்கு விவரம் தெரிந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், உங்கள் ஹோட்டலில் தங்கியிருந்த அமெரிக்கக் கிழவர் ஒருவர் சாக்ஸபோனோடு மேடை ஏறியிருக்கிறார். பெரிய பெரிய பேண்டுகளில் வாசித்த மனிதராம். அவர் வாசிக்க நீ பாடியதை ஒலிபெருக்கிக்காரர் பதிந்து கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் மெட்ராஸ் போகும்போது ஒரு ரெக்கார்டிங் கம்பெனியில் கொடுக்க வைத்திருந்தாய். ஒரே ஒரு பிரதி. அழியக் கூடாது என்றுதான் குழியை மூடியிருந்த பிளாஸ்டிக் துண்டை நீயே உடைத்துவிட்டிருந்தாய்.

“நீ பாத்தியாமா?”

“நான் பாக்கலியே.”

இந்தப் பொய்யோடு மூன்று வாரம் உன் பக்கத்தில் நின்று சமைத்தேன்.

பிறகு அம்மாவின் கடிதம் வந்தது. நீ வழக்கம்போல் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றாய். மழை, கோயில் கொடை, தம்பிக்குப் பெண் பார்த்தது எல்லாம் படித்தேன். அடுத்த வரியைக் கண்டதும் நிறுத்தினேன். உனக்குத் தமிழ் படிக்க வராது. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தால் நீ சாகும்வரை தெரிந்திருக்காது.

படித்தேன். “நீ பேசி முடிச்சப்பறம் ஒரு பொண்ணு அழுகிற மாதிரி பாடுதே, யாரு அது? ஒரே வார்த்தைய திரும்பத் திரும்பச் சொல்லுது. பாஷை புரியல. அந்தப் புள்ளைக்கு என்ன கஷ்டம்னு கேட்டு எழுது.”

நீ அடுப்பை அணைத்தாய். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சமைத்து முடித்தபின் வந்து சமைத்தாய்.

ஒன்பதாம் நாள் வந்து நின்றாய். “அந்த லெட்டர எடு. அந்த லைன மறுபடி படி.”

படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாய்.

“பன்னெண்டு வருஷமா பாடறேன்மா. கை தட்றாங்க, பர்த்டே பாட்டு கேக்கறாங்க. ஒருத்தராச்சும் ஸ்பூன கீழ வச்சிட்டு எனக்கு இன்னா கஷ்டம்னு கேட்டதில்ல. உங்கம்மா கேக்கறாங்க பாரு.” அப்புறம் முறைத்தாய். “உம்மேல கோவம் போகல. அது தனி. பேப்பர் எடு, அவங்களுக்குப் பதில் எழுதணும்.”

நீ சொல்லச் சொல்ல இரண்டு பக்கம் எழுதினேன். அதில் இருந்தது உனக்கும் அம்மாவுக்கும் உள்ள சங்கதி, இங்கே எழுதமாட்டேன். மறுவருஷம் நான் ஊருக்குப் போனபோது, அம்மா என் பேச்சை ஓட்டிவிட்டு, அழியாமல் மிஞ்சியிருந்த உன் பாட்டை மட்டும் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேசட்டைத் திருப்பிக் கொண்டுவரட்டுமா என்று போனில் கேட்டேன். “அங்கியே இருக்கட்டும். கேக்கற ஆள்கிட்ட இருக்கு” என்றாய்.

ஆனால் அதற்கு முன்பே, அந்தக் கடிதம் வந்த கையோடு, மெட்ராஸுக்கு நீ வெறுங்கையோடுதான் போய் வந்திருந்தாய். கம்பெனியில் கேசட் கேட்டார்களாம். இல்லையென்று, நின்ற இடத்திலேயே பக்கவாத்தியமில்லாமல் பாடிக் காட்டினாயாம். எழுதிப்போடுகிறோம் என்றார்கள், எழுதவில்லை. பஹ்ரைனுக்கு மாறிப்போய் அங்கேயும் ஹோட்டலில்தான் பாடினாய். போன மாதம் உன் வீட்டுக்காரர் போன் செய்து நீ கண்ணை மூடிவிட்டாய் என்று சொன்னபோதும், அம்மாவின் அந்த ஒரு வரியை அடிக்கடி சொல்வாய் என்றார்.

அந்தக் கேசட் கையில் இருந்திருந்தால் அவர்கள் எழுதிப்போட்டிருப்பார்களா? நாற்பது வருஷத்தில் நீ ஒரு தரமும் இதைக் கேட்கவில்லை. நீ கேட்காமல் விட்டதால் நானும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்வி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. நீ கோபத்தைத் தனியாக வைத்தது போல நானும் அதைத் தனியாக வைத்திருக்கிறேன்.