பல்கனியில் நிற்கும் துத்தி

இன்று காலையில் மேல்மாடிப் பிள்ளை கதவைத் தட்டினாள். "அன்ரி, என்ர மனுசனுக்கு மூலம். இருக்கேலாமல் கிடந்து துடிக்கிறார். உங்கட துத்தியில நாலு இலை தாங்கோவன்."

பல்கனிக்குப் போய் இலையைப் பிடித்தேன். கிள்ள மனம் வரவில்லை. நீங்கள் என்னைத் தனியே விட்டுக் கண்மூடி இரண்டு வருசமாகிறது. செடி மட்டும் தளதளவென்று நிற்கிறது.

வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், தெஹிவளையிலிருந்து அதைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது நீங்கள்தான். கடைசிப் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு எனக்கு வந்த மூலத்தை, ஆமணக்கெண்ணெயில் வதக்கிய இந்த இலைதான் ஆற்றியது. அதனால் உங்களுக்கு இரத்தம் போகத் தொடங்கியபோதும் நான் இலையைத்தான் வதக்கினேன். இளஞ்சூட்டோடு கட்டினீர்கள். எரிவு குறைந்தது என்றீர்கள்.

"உம்மட இலை இருக்க எனக்கேன் டொக்டர்? ஆரோ ஒரு பெடியனுக்கு முன்னால சாரத்தை அவிழ்க்கவோ?" என்று சிரித்தீர்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிள்ளைகள் கேட்டால் இடுப்பு வலி, நாரிப்பிடிப்பு என்று சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். கோயிலில் நிலத்தில் இருக்கமுடியாமல் தூணோடு சாய்ந்து நின்றீர்களே, அங்கே கேட்டவர்களுக்கும் அதே பொய்தான்.

எட்டு மாதம். உடம்பு வற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அது மூலமே இல்லை, குடலில் புற்று என்றார்கள்.

டொக்டருக்குப் படிக்கிற எங்கள் பேத்தியிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். "என்ர இலை பொய்யோடி?"

"பொய்யெண்டில்லை அம்மம்மா. எரிவும் வீக்கமும் குறையலாம். கனபேர் சுகம் எண்டு சொல்லுகினம், ஒழுங்காச் சோதிச்சுப் பார்த்ததுதான் குறைவு. ஆனா இரத்தம் ஏன் போகுதெண்டு இலைக்குத் தெரியாது."

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கே அது விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெறுங்கையோடு கதவடிக்கு வந்தேன். "இரத்தம் போகுதோ, பிள்ளை?"

"ஓம் அன்ரி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, வெக்கப்படுவார்."

அவளை உள்ளே இருத்தி, நாங்கள் இருவரும் எட்டு மாதம் மறைத்ததை முதல்முறையாக வாய்திறந்து சொன்னேன். சாரம், தூண், நாரிப்பிடிப்பு, எல்லாம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்கோ. மூலந்தான் எண்டு அவர் சொன்னால், நானே இலையை வதக்கிக் கொண்டந்து தாறன்."

அவள் படியேறிப் போனதும் செடிக்குத் தண்ணீர் விட்டேன். உங்கள் சொல்லைத் தட்டியது இன்றைக்குத்தான். கோவிக்காதேயுங்கோ. அன்றைக்கே தட்டியிருக்க வேண்டும்.