சிவப்புக் கோடு விழாத பக்கம்

அக்கா,

உங்கள் வீட்டைக் காலி செய்ய வந்த உங்கள் மகள், "அம்மா இதை உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாங்க" என்று ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தாள். பிரித்தால் இன்னும் லேசாகப் பெருங்காய வாசம். மூன்று நாளாக அதை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

நாட்டுக்கே போடும் பொருளாதாரத் திட்டத்தின் வரைவு அது. சரியாகத்தான் வகுத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. நான் கராடி ஏரியாவில் இருந்த உங்கள் வீட்டில் சாயங்காலம் சமைக்க வந்தவள், ஐந்தாவதோடு நின்றவள். நான் சப்பாத்தி தேய்க்க, நீங்கள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் தமிழில் சொல்வீர்கள். "இதுல நீ எங்கடி இருக்கே?" என்பீர்கள். நான் இல்லையென்றால் ஓரத்தில் சிவப்புக் கோடு.

"எங்க குழாயில தண்ணி எப்ப வரும்னு டெல்லியில யாருக்காவது தெரியுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாது. ஆனா இதை எழுதினவங்க பத்துப் பேரும் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே கோடு போட்டீர்கள்.

அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நான் ஏன் அப்படிச் சொன்னேன்? வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குத் தையல் பயிற்சி, பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை என்றீர்கள். நான் வீட்டுக்குப் போகும் கோந்த்வா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "நல்லாத்தான்க்கா இருக்கு" என்றேன். அவசரத்தில் கரண்டி சாய்ந்து அந்தத் தாளின் மேல் குழம்பு கொட்டியது. அந்த நேரத்தில் நான் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். திரும்பவில்லை.

இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இப்போது எங்கள் தெருவிலேயே பயிற்சி மையம் வந்துவிட்டது. பதினொன்றிலிருந்து நான்கு. மிஷின்களின் மேல் மூடிய துணியை எடுக்கக்கூட ஆளில்லை. "உனக்குத்தான் தையல்னா உசிராச்சே, போகலியா?" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

குழம்புக் கறையை வைத்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். கோடு இல்லை. கீழே பென்சிலில், உங்கள் கையெழுத்தில், தமிழில்: "பஸ் அவசரத்தில் சொல்கிறாள். மறுபடி கேட்க வேண்டும்."

தெரிந்துதான் இருந்திருக்கிறது உங்களுக்கு.

கட்டோடு இருந்த சிவப்புப் பென்சிலால் நானே கோடு போட்டேன். அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது. நாளைக்கு மூன்று வீட்டுக்கும் லீவு சொல்லியாகிவிட்டது. உங்கள் ஆபீசுக்கு எடுத்துப் போகிறேன். வாங்கிக்கொள்வார்களோ, வாசலிலேயே திருப்பி அனுப்புவார்களோ.

மறுபடி கேளுங்கள் அக்கா. பஸ் போனால் போகட்டும்.