முதல் விளம்பரத்துக்கு முன் இறந்த அம்மா

உவோனுமா
செப்டம்பர் 9

அன்பு மகள் மினோரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதைப் பற்றி அவரே உன்னிடம் அரை மணி நேரம் பேசிவிட்டதால் நான் விட்டுவிடுகிறேன். நீ போர்ட்டோவில் நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆனால் போன வாரம் நீ அழுததை இந்தக் காதால் கேட்டபிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறாயா என்று மட்டும் கேட்கிறேன். அங்கே கடையில் விற்கும் அந்தக் கட்டை அரிசியைத்தான் இன்னமும் வாங்குகிறாய் என்றால் ஊற வைக்கும் நேரத்தைக் கால் மணி கூட்டு, பல்லுக்கு நல்லது. இங்கே அறுவடை தொடங்கிவிட்டது. இந்த வருஷ வெயிலில் அரிசியெல்லாம் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெள்ளை விழுந்து கிடக்கிறது, கூட்டுறவுச் சங்கத்தில் என் இடத்துக்கு வந்தவர் எல்லாவற்றுக்கும் இரண்டாம் தரம் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போகிறாராம்.

உன்னிடம் ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேராகச் சொல்லத் தைரியமில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள். முப்பத்தோரு வருஷம் அரிசிக்குத் தரம் போட்டவளை ஓய்வு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் அவள் என்ன செய்வாள்? முதல் ஆறு மாதம் அப்பாவுக்குத் தரம் போட்டேன், அவர் தாங்கவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு சடோமி அக்கா என்னை அனிமே கார்ட்டூன் தொடர்கள் பார்க்கப் பழக்கினாள். எழுபத்திரண்டு வயது அவளுக்கு. கூடத்தில் காலமான கணவரின் படத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளி முடி வாள்வீரன் ஒருவனின் படத்தை மாட்டி வைத்திருக்கிறாள், கணவர் படத்தைவிட அது பெரியது. பார்த்த தொடர்களுக்கு ஒன்று முதல் பத்து வரை மார்க் போட ஓர் இணையதளம் இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தவளும் அவள்தான். அவள் ஆளின் முகத்தைப் பார்த்து மார்க் போடுகிறவள். அழகான ஆண்பிள்ளை ஒருவன் மழையில் நனைந்தால் பத்து, இரண்டு பேர் நனைந்தால் பதினொன்று போட வழியில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

நான் அப்படியா போடுவேன். அரிசிக்கு என்னவோ அதுவேதான் இதற்கும். முதல் தரத்துக்கு ஒன்பது, இரண்டாம் தரத்துக்கு ஏழு, மூன்றாம் தரத்துக்கு நான்கு, தரத்தில் சேராததற்கு இரண்டு. பத்து கிடையாது, என் தட்டில் குறையே இல்லாத ஒரு பிடி அரிசியை நான் இதுவரை பார்த்ததில்லை. தினமும் காலையில் துணி உலர்த்திவிட்டு, ரெக்கார்டரில் பதிவானதைப் போட்டு, நோட்டும் பேனாவுமாக உட்காருவேன். தொடக்கப் பாட்டையும் முடிவுப் பாட்டையும் ஓட்டிவிடுவேன், யார் யார் வேலை செய்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் அதில்தான் ஓடும், தரம் போடுகிறவள் மூட்டையில் யார் பெயர் என்று பார்க்கக் கூடாது. பிறகு சில கணக்குகள் உண்டு. பாத்திரம் திறந்ததும் ஆவி பறக்கப் பறக்கச் சோற்றை அழகாக வரைகிறார்கள் அல்லவா, அந்தப் பாத்திரத்தை யாராவது கழுவுவதைக் காட்டினால் ஏற்றுவேன், காட்டாவிட்டால் இறக்குவேன். அடிக்கப் போகிறவன் எந்த அடி அடிக்கப் போகிறான் என்று கத்திச் சொல்லிவிட்டு அடித்தால் இறக்குவேன், அவன் வாயைப் பார்த்துக்கொண்டு எதிரி ஏன் நிற்க வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே அம்மா. முடியை அவிழ்த்து ஒரு பக்கத் தோளில் தளரக் கட்டிக்கொண்டு புன்னகை செய்கிற அம்மா வந்தால் அவள் தொலைந்தாள், முதல் விளம்பரத்துக்கு முன்னால் இருமுவாள், விளம்பரம் முடிந்து வந்தால் ஊதுவத்தி புகையும். அம்மா செத்தால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று இந்த நாட்டில் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் எங்கே உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. அதற்கு ஒரு தரம் முழுசாக இறக்குவேன். இது நியாயமா என்று சடோமி அக்கா கேட்டாள். அரிசிக்கு நியாயம், அனிமேக்கு என் இஷ்டம் என்றேன்.

இனிமேல் சுற்ற வழியில்லை. ஏப்ரலில் "வாய்க்கால் காவல்காரி" என்று ஒரு தொடர் தொடங்கியது. நெல் விளையும் ஊர், வாய்க்காலைக் காவல் காக்கும் பெண், நமக்குத் தெரிந்த சமாசாரமாயிற்றே என்று ஆசையாக உட்கார்ந்தேன். தோளில் தளரக் கட்டிய முடியோடு ஓர் அம்மா வந்தாள். விளம்பரத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தாள். சரி, வழக்கம்தான். ஆனால் சவ ஊர்வலம் வயலோரமாகப் போகிறது, கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, அடியில் தண்ணீர் கணுக்கால் அளவு பளபளக்கிறது! அறுவடைக்கு முந்தி வயலை வடித்துக் காயவிட வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். இரண்டு மார்க் போட்டேன். கீழே ஒரே ஒரு வரி எழுதினேன். "இந்தக் கதாசிரியருக்கு அம்மாவைக் கொல்லத் தெரிகிறது, வயலை வடிக்கத் தெரியவில்லை." அந்த வரியை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போன வாரம் அழுதுகொண்டே நீதான் எனக்கு மனப்பாடமாக ஒப்பித்தாய். அந்தத் தளத்தில் என் பெயர் கறுப்புத் தட்டு. அரிசியைக் கொட்டிப் பார்க்கும் தட்டு கறுப்புதானே, அதனால் வைத்தேன். நான்தான் அது, மினோரி.

அந்தத் தொடரை எழுதியது நீ என்று எனக்கு எப்படித் தெரியும், உன் பெயரை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்குமோ என்னவோ. விளைந்த கதிர் என்று பொருள் வர ஆசையாக மினோரி என்று நாங்கள் வைத்த பெயரை எடுத்து வைத்துவிட்டு நீ மொமிகரா என்று, உமி என்று, புனைபெயர் வைத்துக்கொண்டிருக்கிறாய். என்ன எழுதுகிறாய் என்று நான் கேட்டபோதெல்லாம் "சொன்னா நீ மார்க் போடுவேம்மா" என்று சிரித்து மழுப்பினாய். சொல்லாமலே போட்டுவிட்டேன், பார்த்தாயா.

அன்றைக்கு நீ அழைத்தபோது அப்பா ஒலிபெருக்கியைப் போட்டிருந்தார். "யாரோ கறுப்புத் தட்டுன்னு ஒரு கிராதகிம்மா, அவ ஒரு வரி எழுதினா, ஊரே அதையே சொல்லிச் சிரிக்குது. நான் தண்ணி வடிஞ்ச வயல்னுதான் எழுதினேன், வரைஞ்சவங்க பளபளப்பா இருக்கட்டும்னு தண்ணியை விட்டுட்டாங்க. ஆனா அம்மா விஷயத்துல அவ சொன்னது சரிதானோன்னு தோணுது. எனக்கு எழுத வரலை. ரெண்டாம் பாகம் என்னால முடியாதுன்னு முப்பதாம் தேதிக்குள்ள சொல்லிடப் போறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "வேலைவெட்டி இல்லாத ஜென்மம் எதையாவது கிறுக்கும், அதைப் போய் காதுல போட்டுக்குவியா" என்றேன். உனக்குச் சமாதானம் சொல்ல என்னையே திட்டிக்கொண்டேன், கொஞ்சம் அழுத்தியே திட்டினேன். அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் அவர் எனக்குத் தரம் போட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

ஆனால் உனக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. இரண்டு மார்க் போட்ட தொடரை நான் நிறுத்தவில்லை, திட்டிக்கொண்டே பன்னிரண்டு வாரமும் பார்த்தேன். ஐந்தாம் வாரம் அந்தச் செத்துப்போன அம்மா நினைவில் வந்தாள். கிடங்கில் நின்று ஒரே ஓர் அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்து, அது முறிகிற சத்தத்தைக் கேட்டுக் காய்ந்த பதம் பார்க்கிறாள். மகள் பள்ளிக்கூடத்தில் எழுதிய கதையைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். அம்மா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முழுக்கப் படித்துவிட்டு "இரண்டாம் தரம்" என்கிறாள். குழந்தை மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. என்ன நேர்மையான பொம்பளை, பெற்ற பிள்ளைக்குக்கூட முகம் பார்க்காமல் தரம் போடுகிறாளே என்று எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று! அப்பா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து "ஏய், இது நீதானே" என்றார். "நான் எப்போ அப்படி இருந்தேன், தூங்குங்க" என்றேன்.

நீ அழைத்த அன்று சாயங்காலம், அந்த அம்மாவைப் பார்த்து ஏன் என்னைச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "மூணாங்கிளாஸ்ல அவ ஒரு நரிக் கதை எழுதிட்டு வந்தா. நீ இரண்டாம் தரம்னே. கிடங்குல போய் உக்காந்துட்டா, நான்தான் தூக்கிட்டு வந்தேன், முதுகெல்லாம் உமி" என்றார். எனக்கு அது நினைவில் இல்லை, மினோரி. எந்த வருஷம் யார் வயலில் வண்டு விழுந்தது என்று கேட்டால் சொல்லுவேன், இது நினைவில் இல்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. உன் மனத்தைப் புண்படுத்திவிட்டேன், அப்போதும் இப்போதும், மன்னித்துக்கொள்.

சடோமி அக்காவிடம் சொல்லி அழுதேன். "ரெண்டை அழிச்சிட்டு ஒரு பத்து போடேன், பெத்த பொண்ணுக்குப் போட்டா உன் கை என்ன அழுகியா போயிடும்" என்றாள். திருத்துகிற இடம் வரைக்கும் விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை. சங்கத்தில் ஒரு விதி உண்டு. சொந்த வீட்டு மூட்டைக்கு யாரும் தரம் போடக் கூடாது, நம் வீட்டு அரிசிக்கு என்றைக்கும் பக்கத்து ஊரிலிருந்துதான் ஆள் வருவார். பெயர் தெரிந்துவிட்டது, இனி அந்த இரண்டைக் கூட்டவும் எனக்கு உரிமையில்லை, குறைக்கவும் இல்லை. அது அப்படியே கிடக்கும், நீயும் நானும் பார்த்துப் பார்த்து வெட்கப்பட வேண்டியதுதான்.

ஆனால் பெயர் தெரியும் முன் போட்டது செல்லும். ஐந்தாம் வாரத்துக்கு நோட்டில் எழுதிய பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். தளத்தில் ஒரு தொடருக்கு ஒரு மார்க்தான் போடலாம், அதனால் இதை ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. தேதியைப் பார், மே ஏழு. மையைப் பார், பழைய மை. அதில் எழுதியிருப்பதை இங்கேயும் எழுதுகிறேன். "முதல் தரம். இதை எழுதியவர் எவரோ, அரிசி கடிக்கிற ஒரு பெண்ணைப் பக்கத்தில் நின்று ரொம்ப நாள் பார்த்திருக்கிறார். இவர் இன்னும் எழுத வேண்டும்." முகம் பார்க்காமல் போட்டது, மினோரி. உன் அம்மா போட்டிருந்தால் நீ நம்ப வேண்டாம், கறுப்புத் தட்டு போட்டது, நம்பு.

முப்பதாம் தேதிக்குள், இரண்டாம் பாகம் என்னால் முடியும் என்றே சொல்லிவிடு. இனி உன் மூட்டைக்கு ஊரார் தரம் போடட்டும், நான் சாப்பிடுகிறேன், அவ்வளவுதான். செத்தவளை எழுப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை, நினைவில் வரும்போது அவள் முடியை மட்டும் இறுக்கிக் கட்டிவிடு, கிடங்கில் தூசி. அந்தக் குழந்தையைத் தூக்கிவர அவளையே ஒரு தரம் அனுப்பு, அப்பாவை அனுப்பாதே. வரைகிறவர்களிடம் வயலை வடிக்கச் சொல்ல மறக்காதே. குளிர் வருகிறது, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்ததெல்லாம் நல்லபடி விளைய அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
முதல் விளம்பரத்தைத் தாண்டியும் உயிரோடிருக்கும் உன் அம்மா
கிகுயோ